அலுவலகத்தில் நிதானம், வீட்டில் எரிச்சல்: உணர்வுசார் நுண்ணறிவை எங்கிருந்து வளர்ப்பது?

தனியார் நிறுவனமொன்றில் குழுத் தலைவராக இருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: அலுவலகத்தில் எல்லோரும் தம்மைப் பொறுமைசாலி என்கிறார்கள்; ஆனால் வீட்டுக்கு வந்தால் மனைவியிடமும் பள்ளி செல்லும் மகனிடமும் அற்பக் காரணத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறார். உணர்வுசார் நுண்ணறிவு பிறவியில் அமைவதா, பழகினால் வருவதா, பழகுவதானால் எங்கிருந்து தொடங்குவது?

பழகினால் வரும். ஆனால் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். அலுவலகத்தில் நீங்கள் காட்டும் பொறுமையில் உங்கள் தேர்ச்சி எவ்வளவு, சம்பளமும் பதவியும் ஆண்டு மதிப்பீடும் சேர்ந்து போடும் கடிவாளம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். மேலாளர் மீது பாயாமல் இருக்கப் பெரிய பக்குவம் எதுவும் வேண்டாம். பாய்ந்தால் என்ன ஆகும் என்ற கணக்கே போதும். வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர் இந்த இடத்தைத்தான் தொடுகிறார்: தன் சினம் செல்லக்கூடிய இடத்தில் அதைக் காப்பவனே சினம் காப்பவன், செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன? மனைவி, பிள்ளை, வயதான பெற்றோர், உங்களுக்குக் கீழே வேலை செய்யும் புதியவர், சாப்பாடு கொண்டுவந்து தரும் இளைஞர் ஆகியோரிடம்தான் நம் சினம் செல்லும். ஆகவே ஒருவருடைய உணர்வுத் திறத்தை எடைபோட வேண்டுமானால் அவருடைய மேலதிகாரியைக் கேட்பதில் பயனில்லை.

உணர்வுசார் நுண்ணறிவு என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990இல் அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் எழுதிய கட்டுரைதான் இதை ஓர் ஆய்வுப் பொருளாக்கியது. பின்னாளில் அவர்கள் இதை நான்கு திறன்களாக வகுத்தார்கள். தன்னிடமும் பிறரிடமும் உள்ள உணர்ச்சியைச் சரியாகக் கண்டுகொள்வது, அந்த உணர்ச்சியைச் சிந்தனைக்குத் துணையாக்குவது, அது எதனால் எழுந்தது, அடுத்து எதுவாக மாறும் என்று அறிவது, அதைக் கையாள்வது என்பவை அவை. 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் வழியாக இது உலகெங்கும் பரவியது. பரவிய வேகத்தில், வாழ்க்கை வெற்றியில் 80 விழுக்காடு இதனால்தான் என்பது போன்ற மிகைகளும் சேர்ந்துகொண்டன. இந்தக் கருத்தை முன்வைத்த ஆய்வாளர்களே அதை ஏற்கவில்லை. நிறுவனப் பயிலரங்குகளில் இன்றும் அந்த எண் திரையில் மின்னுவதைப் பார்க்கலாம். நம்ப வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பத்துக் கேள்வித் தேர்வை எழுதி, நமக்கு நல்ல மதிப்பெண் வந்துவிட்டது என்று திருப்தி அடையாதீர்கள். தொழில்முறைப் படிப்பு மாணவர்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வொன்றில், உணர்வுசார் நுண்ணறிவுத் திறன் தேர்வில் மிகக் குறைவான மதிப்பெண் பெற்றவர்களே தம்மைப் பற்றி மிக அதிகமாக மிகைத்து மதிப்பிட்டிருந்தார்கள். உண்மை மதிப்பெண்ணைக் காட்டியபோது, தேர்வே சரியில்லை என்று சொல்லவும், மேம்படுத்திக்கொள்ளும் வழிகளைப் புறக்கணிக்கவும் முனைந்தவர்களும் அவர்களே. நீங்கள் உங்கள் குறையை நீங்களே கேள்வியாக்கியிருக்கிறீர்கள் என்பதால் அந்தக் கூட்டத்தில் நீங்கள் இல்லை என்று கொள்கிறேன்.

இனி உங்கள் சிக்கலின் வேருக்கு வருவோம். பகலெல்லாம் பொறுமையாக இருந்தவர் மாலையில் ஏன் வெடிக்கிறார்? பகலில் அவர் செய்தது பெரும்பாலும் பொறுமை இல்லை, அடக்கல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் 1990களிலிருந்து செய்துவரும் ஆய்வுகள் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரிக்கின்றன. கோபம் முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒரு வகை. கோபம் முழுதாக எழுவதற்கு முன்பே, நடந்ததை வேறு கோணத்தில் பார்த்து அதன் பொருளை மாற்றிக்கொள்வது இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உடலுக்கு அப்படி இல்லை. முகத்தை மட்டும் அடக்கும்போது உள்ளே உணர்ச்சி குறைவதில்லை, உடலின் பதற்றம் கூடுகிறது, நடந்த பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளும் திறனும் குறைகிறது. 2003இல் அவருடைய குழு வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. உணர்ச்சியை வெளிக்காட்டாமல் பேசும்படி பணிக்கப்பட்டவர் ஒருபுறம் இருக்க, அது தெரியாமல் எதிரே அமர்ந்து பேசிக்கொண்டிருந்தவரின் இரத்த அழுத்தமும் உயர்ந்தது. “நான் வாயைத் திறக்கவே இல்லையே, என்னால் வீட்டில் யாருக்கு என்ன கஷ்டம்?” என்று கேட்கும் குடும்பத் தலைவர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இறுகிய முகத்தோடு ஒருவர் கூடத்தில் அமர்ந்திருந்தால் வீடு முழுவதும் அதை உடலால் அறிகிறது.

வேலையின் சுமை வீட்டுக்குள் எப்படி வருகிறது என்பதை உளவியலாளர் ரீனா ரெபெட்டி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர்களிடம் ஆராய்ந்து 1989லும் 1994லும் வெளியிட்டார். வேலைப் பளு மிகுந்த நாள்களில் அவர்கள் வீட்டில் ஒதுங்கிப் போனார்கள். மனைவி அதைப் புரிந்து இடம் கொடுத்தால் இன்னும் ஒதுங்கினார்கள். ஆனால் மேலதிகாரியோடோ உடன் பணிபுரிபவரோடோ மனக்கசப்பு ஏற்பட்ட நாள்களில் பிள்ளைகளிடம் கோபமும் கண்டிப்பும் கூடின. இந்த வேறுபாடு உங்களுக்கு மிகவும் பயன்படும். களைப்புக்கு ஓய்வு போதும். அவமானத்துக்கு ஓய்வு போதாது. கூட்டத்தில் எல்லோர் முன்னும் மட்டம் தட்டப்பட்டவர் வீட்டுக்கு வந்து ஒரு மணிநேரம் படுத்து எழுந்தாலும், மகன் “ஒரு நிமிஷம்ப்பா” என்று சொன்ன மாத்திரத்தில் அந்தக் காயம் திறந்துகொள்ளும். அவன் சொன்னது மரியாதைக் குறைவாகக் காதில் விழுகிறது; உண்மையில் மரியாதை குறைந்தது காலை 11 மணிக்கு, வேறோர் இடத்தில்.

இதோடு பயணமும் சேர்கிறது. ஒரு நிகழ்ச்சியால் எழுந்த உடல் கிளர்ச்சி முழுதாக அடங்குவதற்கு முன் அடுத்த நிகழ்ச்சி வந்தால், பழைய மிச்சம் புதியதன் கணக்கில் ஏறிக்கொள்ளும் என்பதை டால்ஃப் சில்மன் 1970களிலேயே சோதனைகளில் காட்டினார். பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் ஒன்றரை மணிநேரம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்பே வீட்டில் “கேஸ் தீர்ந்துபோச்சு” என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தின் மீது சாலை முழுவதும் வந்து விழுகிறது.

ஆகவே முதல் பயிற்சி மிக எளிமையானது. வீட்டுக்குள் நுழைந்த முதல் அரைமணி நேரத்தில் கணக்கு வழக்கு, மதிப்பெண், மாமியார் தொடர்பான பேச்சு எதையும் எடுப்பதில்லை என்று இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். இதை நல்ல மனநிலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசி முடிவு செய்ய வேண்டும். எரிச்சலோடு வந்து நின்று “என்னைக் கொஞ்சம் தனியா விடு” என்பது ஒப்பந்தம் ஆகாது. மனைவியும் வேலைக்குப் போகிறவரானால், அல்லது நாள் முழுவதும் வீட்டில் பிள்ளையோடும் பெரியவர்களோடும் மல்லாடியவரானால், அவருக்கும் அதே அரைமணி உரிமை உண்டு. நம் வீடுகளில் ஆணின் களைப்புக்கு மட்டும் காபி வருகிறது என்பதைச் சொல்லாமல் இந்த அறிவுரையைத் தருவது நேர்மையாகாது.

இரண்டாவது பயிற்சி, எழுந்த உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைப்பது. 2007இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் மூளைப் படப் பரிசோதனையில் கண்டது இது: கோபமோ அச்சமோ தெரியும் முகத்தைப் பார்க்கும்போது அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்து சொன்னவர்களுக்கு, மூளையில் அபாயமணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்தது, நெற்றிப்புறப் பகுதியொன்றின் செயல்பாடு கூடியது. வெறும் பெயர் சூட்டலுக்கே இந்த விளைவு. ஆனால் பெயர் நுணுக்கமாக இருக்க வேண்டும். இன்று களைப்பு, பயம், பொறாமை, ஆற்றாமை, மனத்தாங்கல், குற்றவுணர்வு எல்லாவற்றுக்கும் சேர்த்து “டென்ஷன்” என்கிறோம். டென்ஷனுக்கு மருந்து என்னவென்று யாருக்கும் தெரியாது. பொறாமைக்கும் களைப்புக்கும் மருந்து ஒன்றில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்ச்சிகளை, சொன்னதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு நிலைக்களன்களையும் வகுத்தார். அழுகைக்கு அவர் தரும் நான்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. இகழப்பட்டு அழுபவரும், இழந்து அழுபவரும், முன்பிருந்த நிலை குலைந்து அழுபவரும், இல்லாமையால் அழுபவரும் வேறு வேறானவர்கள். இலக்கியத்துக்காக வகுத்ததுதான் என்றாலும், உங்கள் கோபத்திடமும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம். நாள்தோறும் இரவில் ஒரு குறிப்பேட்டில் மூன்று வரிகள் போதும்: எப்போது சுள்ளென்று வந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, “கோபம்” என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் அதை எப்படிச் சொல்வேன். சில வாரங்களில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பலருக்கு அது ‘என்னை யாரும் மதிப்பதில்லை’ என்பதாக இருக்கும். சிலருக்கு வெறும் தூக்கமின்மையாக இருக்கும். தூக்கத்தை எளிதாக எண்ண வேண்டாம்: ஏறத்தாழ ஒன்றரை நாள் தூங்காதவர்களிடம் மேற்சொன்ன அமிக்டலாவின் எதிர்வினை 60 விழுக்காடு கூடியிருந்ததை 2007இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

“மனசுல வச்சுக்காம கொட்டித் தீர்த்துடு” என்ற அறிவுரை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அடக்குவது தவறு என்று கேட்டவுடன் பலர் எதிர்ப்பக்கம் ஓடுகிறார்கள். 2002இல் பிராட் புஷ்மன் 600 கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார். தங்களைக் கடுமையாக விமர்சித்தவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களே கடைசியில் அதிகக் கோபத்தோடும் முரட்டுத்தனத்தோடும் இருந்தார்கள். எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம் முரட்டுத்தனம் குறைவாக இருந்தது. கத்தித் தீர்ப்பதால் கோபம் தீர்வதில்லை, கத்துவதில் பழக்கம்தான் ஏற்படுகிறது. நெருங்கிய ஒருவரிடம் நடந்ததைச் சொல்லி ஆற்றிக்கொள்வது வேறு. அதில் குரல் தாழ்ந்திருக்கும், சொல்பவர் யோசித்துக்கொண்டே பேசுவார்.

சண்டை தொடங்கிவிட்டால் என்ன செய்வது? இங்கே உளவியலாளர் ஜான் காட்மன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் தம்பதியரைக் கருவிகளோடு அமர்த்திப் பார்த்ததைத் துணைக்கொள்ளலாம். வாக்குவாதத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால், எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்டு உள்வாங்கும் நிலையில் ஒருவர் இருப்பதில்லை. ஒரு சோதனையில், கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிப் பேச்சை நிறுத்தி, தம்பதியரைப் பத்திரிகை புரட்டச் செய்தார். மீண்டும் பேச அமர்ந்தபோது துடிப்பு இறங்கியிருந்தது, பேச்சும் பதமாக இருந்தது. உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்பது அவர் கணிப்பு. அந்த 20 நிமிடத்தில் அடுத்து என்ன பதிலடி கொடுக்கலாம் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தால் எந்தப் பயனும் இல்லை. துணி மடியுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

இதில் நம் வீடுகளுக்கென்று ஓர் ஆபத்து இருக்கிறது. இடைவெளி என்ற பெயரில் பேச்சையே நிறுத்திவிடுவோம். “அம்மாகிட்ட சொல்லு, சாப்பாடு வேண்டாம்னு” என்று பிள்ளையைத் தூது அனுப்பி, நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் யாரோ விருந்தாளி வந்ததால் பேசத் தொடங்கும் குடும்பங்களை எல்லோரும் அறிவோம். திரும்பி வரும் நேரத்தைச் சொல்லாமல் விலகுவது தண்டனை. சொல்லிவிட்டு விலகுவது இடைவெளி. “இப்ப பேசினா தப்பா ஏதாவது சொல்லிடுவேன், எட்டரை மணிக்குப் பேசலாம்” என்று சொல்லுங்கள், எட்டரைக்கு நீங்களே போய் அமருங்கள். இரண்டாவது பாதியைச் செய்யாதவர் முதல் பாதியைச் செய்யும் உரிமையை விரைவில் இழந்துவிடுவார்.

சண்டையைக் கையாள்வதைவிடவும் சண்டை இல்லாத நேரத்துக்குத்தான் எடை அதிகம் என்று நான் கருதுகிறேன். காட்மன் புதுமணத் தம்பதியரைக் கவனித்து, 6 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தொடர்புகொண்டார். துணைவர் சன்னலுக்கு வெளியே எதையோ காட்டும்போது, ஏதோ ஒரு செய்தியைச் சொல்லத் தொடங்கும்போது, அந்தச் சிறு அழைப்புக்குத் திரும்பிப் பார்த்துப் பதில் தந்தது, சேர்ந்து வாழ்ந்தவர்களிடையே 86 விழுக்காடு, பிரிந்தவர்களிடையே 33 விழுக்காடு. நம் வழக்கில் இந்த அழைப்புகள் பெரும்பாலும் அன்பு என்ற தோற்றத்தோடு வருவதில்லை. “சாப்பிட்டாச்சா?”, “தலைவலி பரவாயில்லையா?”, “பக்கத்து வீட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா?” என்றுதான் வரும். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் “ம்” என்பதும் ஒரு பதில்தான். அது எந்தக் கணக்கில் சேர்கிறது என்பது கேட்டவருக்குத் தெரியும்.

மகன் விஷயத்தில், அவன் அழும்போதோ பொருளை எறியும்போதோ இரண்டு வேலைகளைப் பிரித்துச் செய்யுங்கள். உணர்ச்சியை ஏற்றுக்கொள்வது ஒன்று, நடத்தைக்கு எல்லை வைப்பது மற்றொன்று. “தோத்துட்டோமேன்னு வருத்தமா இருக்கு, இல்லையா? ஆனா மட்டையைத் தூக்கி எறியக் கூடாது” என்றால் இரண்டும் முடிந்தன. “ஆம்பளப் பிள்ளை அழலாமா?” என்றால் இரண்டுமே நடக்கவில்லை. நீங்கள் கத்திவிட்ட நாளில் அவனிடம் சென்று, “அப்பா ஆபீஸ் கோபத்தை உன்மேல காட்டிட்டேன், அது உன் தப்பு இல்ல” என்று சொல்வதால் மரியாதை குறையும் என்று அஞ்ச வேண்டாம். காரணம் தெரியாத கோபத்துக்குப் பிள்ளைகள் தாமே காரணம் என்று முடிவு செய்துகொள்கிறார்கள்.

பிறர் மனத்தை அறிவது பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும் என்கிறோம். ஈயல், ஸ்டெஃபல், எப்லி ஆகிய மூவரும் 25 சோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டதில், அப்படிக் கற்பனை செய்வதால் கணிப்பின் துல்லியம் கூடவில்லை. நேரில் கேட்டறிந்தபோதுதான் கூடியது. குறிப்பால் உணர்வதைப் பெருமையாகக் கொண்ட நமக்கு இது சற்றுக் கசப்பானது. ‘20 வருஷமா கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா?’ என்ற உறுதியில்தான் பல கணவர்கள் தவறாகக் கணிக்கிறார்கள். மனைவி தம் வேலையைப் பற்றிக் குறைப்பட்டுப் பேசும்போது, “நான் கேட்டுக்கிட்டா போதுமா, இல்ல ஏதாவது செய்யணுமா?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் போதும் என்றே பதில் வரும். எழுத்தில் வரும் செய்திகளுக்கு இது இன்னும் பொருந்தும். மின்னஞ்சலில் தம் கேலி புரிந்துவிடும் என்று அனுப்பியவர்கள் எண்ணிய அளவுக்கும், பெற்றவர்கள் அதைக் கண்டுகொண்ட அளவுக்கும் பெரிய இடைவெளி இருப்பதை 2005இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே மனக்கசப்பான எதையும் வாட்ஸ்அப்பில் பேசி முடிக்க முயலாதீர்கள்.

அலுவலகத்துக்கு நான் குறைவாகவே இடம் தருகிறேன், ஏனெனில் வீட்டில் பழகியது அங்கே தானாகச் செல்லும். மறுதிசையில் செல்வது அரிது. குழுத் தலைவராக நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான பிழைகளோ அங்கேதான் அதிகம் இருந்தன. அந்தக் குழுக்களில் பிழையை அஞ்சாமல் சொல்ல முடிந்தது என்பதே விளக்கமாக அமைந்தது. உங்கள் குழுவில் கெட்ட செய்தி உங்களுக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்கிறதென்றால், உங்கள் பொறுமையைப் பற்றிய நற்பெயர் எவ்வளவு ஆழமானது என்று யோசிக்க வேண்டும்.

இந்தத் திறன் எல்லா வேலைக்கும் ஒரே அளவில் பயன்படுவதும் இல்லை. பல ஆய்வுகளைத் திரட்டி 2010இல் செய்யப்பட்ட பகுப்பாய்வில், ஆட்களோடு ஓயாமல் பழகும் வேலைகளில்தான் பயன் தெரிந்தது. அத்தகைய வேலைகளில் சிரிப்பும் பணிவும் சம்பளத்துக்குள் அடங்கிய உழைப்பாகிவிடுவதை ஆர்லி ஹாக்ஷில்டு விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் விளக்கினார். தியாகராய நகர் ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்றபடி புடைவை விரித்துக் காட்டும் பெண்களுக்கு, கேரளத்தைப் பின்பற்றி 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தம் உட்காரும் உரிமையைத் தந்தது. இருக்கை தராமல் புன்னகைப் பயிற்சி மட்டும் தரும் நிர்வாகங்களிடம் உணர்வுசார் நுண்ணறிவு என்ற சொல் வெறும் பூச்சாகவே தங்கிவிடும். உங்கள் குழுவின் எரிச்சலுக்குக் காரணம் ஆள் பற்றாக்குறை என்றால், அதைத் தியான வகுப்பால் தீர்க்க முயலாதீர்கள்.

எரிச்சலோடு தூக்கம் கெடுவது, எதிலும் பிடிப்பின்மை, குடி ஆகியவையும் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். கோபம் கைநீட்டும் அளவுக்குப் போகிறதென்றால் அது பயிற்சிக் குறைபாடு அன்று, குற்றம். பாதிக்கப்படும் பெண்களுக்கு 181 என்ற எண் உள்ளது.

எவ்வளவு காலம் ஆகும் என்றும் கேட்பீர்கள். பெல்ஜியத்தில் இரண்டரை மணிநேர வகுப்புகள் நான்கு மட்டுமே நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட சிறு ஆய்வில், உணர்ச்சியை அடையாளம் காண்பதிலும் கையாள்வதிலும் ஏற்பட்ட முன்னேற்றம் 6 மாதங்களுக்குப் பின்னும் நிலைத்திருந்தது. ஆகவே ஆண்டுக்கணக்கில் தவம் இருக்க வேண்டியதில்லை. முன்னேற்றத்தை நீங்களே மதிப்பிடாமல், மாதம் ஒருமுறை மனைவியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்த மாதம் எத்தனை முறை கத்தினேன், கத்தியபின் எவ்வளவு நேரத்தில் வந்து பேசினேன்? முதல் விடை மெதுவாகத்தான் குறையும். பெரும்பாலும் இரண்டாவதுதான் முதலில் சுருங்கும். மகனிடமும் கேட்கலாம், ஆனால் உண்மையைச் சொன்னால் அப்பாவின் முகம் மாறாது என்பது அவனுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.